மஸில்லோடரில் எல்க் வேட்டை: பிரைமரும் குண்டும் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கொலராடோவில் செப்டம்பர் மஸில்லோடர் சீசனில் முதல் முறையாக எல்க் என்ற பெரிய மான் அல்லது மியூல் மான் வேட்டைக்குப் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாய்வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கி என்பதால் பழைய, எளிய விஷயம் என்று தோன்றும். ஆனால் கடையில் நிற்பவர் ஒன்று சொல்வார், துப்பாக்கிப் பெட்டியில் இன்னொன்று அச்சிட்டிருக்கும், மாநில விதிப்புத்தகத்தில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். இந்த மூன்றையும் ஒத்துப்பார்ப்பதிலேயே எனக்கு ஒரு கோடையின் பெரும்பகுதி போய்விட்டது. உங்களுக்கு அது வேண்டாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வருவதெல்லாம் இதையே சுற்றித்தான் வரும்: பிரைமரையும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிக்குப்பி) குண்டையும் முதலில் வாங்காதீர்கள். மாநில விதி, துப்பாக்கி, மருந்து, பிரைமர், குண்டு என்ற இந்த வரிசையில் போனால் ஒவ்வொரு படியிலும் தேர்வு தானாகச் சுருங்கும். தலைகீழாகப் போனால் அலமாரி நிறைய பயன்படாத பெட்டிகள்தான் சேரும்.

இது முழுக்க அமெரிக்க விஷயம். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வேட்டைக்கு இடமில்லை, அதனால் இதில் எதையும் ஊருக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

1. காகித வேலையை ஏப்ரலுக்கு முன் முடியுங்கள்

கொலராடோவில் மஸில்லோடர் சீசனுக்கான உரிமங்கள் பெரும்பாலும் குலுக்கலில்தான் கிடைக்கும். விண்ணப்பம் மார்ச்சில் திறந்து ஏப்ரல் தொடக்கத்தில் மூடிவிடும். முடிவு மே கடைசி, ஜூன் தொடக்கம் வாக்கில் வரும். விண்ணப்பிப்பதற்கு முன்னாலேயே கையில் இருக்க வேண்டியவை இரண்டு. ஒன்று வேட்டைக் கல்விச் சான்று: 1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த எல்லோருக்கும் கட்டாயம், அதாவது இதைப் படிக்கிற அனேகமாக எல்லோருக்கும். இன்னொன்று தகுதி உரிமம் என்று அவர்கள் கேட்கும் சிறு உரிமம், இது இல்லாமல் குலுக்கல் பக்கமே திறக்காது. வேட்டைக் கல்வி வகுப்பைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள், நேரில் போகும் வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன.

உள்ளூர்வாசிக் கட்டணம் வேண்டுமென்றால் தொடர்ந்து ஆறு மாதம் கொலராடோவில் வசித்திருக்க வேண்டும். உள்ளூர்வாசிக்கு எல்க் உரிமம் 100 டாலருக்குள் முடியும், வெளிமாநிலத்தவருக்கு 700 டாலரைத் தாண்டும். வேலை மாறி இப்போதுதான் டென்வர் பக்கம் வந்திருக்கிறீர்கள் என்றால் ஒரு வருடம் பொறுப்பது நல்லது.

விசாவில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டரசுச் சட்டத்தின் பொது விதி. மாநிலம் முறையாகக் கொடுத்த வேட்டை உரிமம் கையில் இருப்பவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. கருமருந்து மஸில்லோடர்களில் பெரும்பாலானவை கூட்டரசுச் சட்டத்தின் கண்ணில் பழங்காலத் துப்பாக்கி வகை, அதனால் ‘துப்பாக்கி’ என்ற வரையறைக்குள்ளேயே வராது. இதைக் கேட்டதும் அப்பாடா என்று கடைக்குப் போய்விடக் கூடாது, காரணம் 209 பிரைமர். அது ஷாட்கன் தோட்டாவுக்கென்று செய்யப்பட்டது, சட்டப்படி பிரைமரும் தோட்டா என்ற சொல்லுக்குள் அடங்கும். ஆகவே முதலில் வேட்டை உரிமம், அப்புறம்தான் பிரைமர். வாங்கும்போதும், சுட்டுப் பழகும் இடமான ரேஞ்சுக்குப் போகும்போதும் உரிமத்தின் நகலைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மின்னஞ்சலில் உறுதிசெய்துகொண்டால் இன்னும் நிம்மதி, கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்களுக்கு அந்த ஆலோசனைக் கட்டணம் பெரிதே இல்லை.

எல்லா மாநிலமும் இப்படி இளகியதில்லை. நியூ ஜெர்சியில் மஸில்லோடருக்கும் துப்பாக்கி வாங்கும் அடையாள அட்டை வேண்டும். துப்பாக்கியிலும் வித்தியாசம் இருக்கிறது: குழலை மாற்றி வேறு தோட்டாவும் சுடக்கூடிய சட்டகம் (உடற்பகுதி) உள்ளவை, உதாரணமாக தாம்சன் சென்டர் என்கோர், சாதாரணத் துப்பாக்கியாகவே கணக்கில் வரும். உரிமம் பெற்ற வியாபாரியிடம் துப்பாக்கி வாங்குவோருக்கான கூட்டரசின் 4473 படிவம் நிரப்பித்தான் வாங்க வேண்டும். மருந்தைப் பின்பக்கமாகச் செருகும் டிரெடிஷன்ஸ் நைட்ரோஃபயரும் அப்படியே.

2. விதிப்புத்தகம் உங்கள் பெட்டியைப் பாதி காலி செய்துவிடும்

கொலராடோவின் பெருவிலங்கு விதிப்புத்தகத்தில் மஸில்லோடருக்கான பகுதி அரைப் பக்கம்கூட இருக்காது. ஆனால் கடை அலமாரியில் இருக்கிற பாதிச் சரக்கை அந்த அரைப் பக்கம் தள்ளுபடி செய்துவிடுகிறது. மஸில்லோடர் சீசனில்:

சேபோ கூடாது. சிறிய குண்டைச் சுற்றிக்கொண்டு குழலுக்குள் போகும் பிளாஸ்டிக் கிண்ணம்தான் சேபோ. மாத்திரை வடிவில் அழுத்திய மருந்து கூடாது, தூளாக அளந்து கொட்டும் மருந்து மட்டும்தான். புகையற்ற மருந்து கூடாது. தொலைநோக்கி கூடாது, திறந்த குறிமுனை மட்டும், ஒளிநார் வைத்த குறிமுனை பரவாயில்லை. எல்க்குக்குக் குறைந்தது .50 காலிபர் (குழலின் உள்விட்டம், அங்குலத்தில்), மானுக்கு .40. குண்டின் எடை .50 வரை குறைந்தது 170 கிரெய்ன் (சிறு எடை அலகு), அதற்கு மேற்பட்ட காலிபருக்கு 210.

பெட்டியின் மேல் எல்க் படம் போட்டிருக்கும், ‘மஸில்லோடர்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும், உள்ளே சேபோ இருக்கும். கடைக்காரரும் ஆமாம் இதுதான் எல்லோரும் வாங்குகிறார்கள் என்று எடுத்துக்கொடுப்பார். அவர் பொய் சொல்லவில்லை, வேறு மாநிலத்துக்கோ, சாதாரண ரைஃபிள் சீசனில் மஸில்லோடரோடு போகிறவருக்கோ அது சரிதான். உங்கள் சீசனுக்குச் சரியில்லை.

பக்கத்து மாநிலம் போகிறீர்கள் என்றால் எல்லாவற்றையும் மறுபடி படிக்க வேண்டும். ஐடஹோவின் மஸில்லோடர் வேட்டைகளில் 209 பிரைமரே செல்லாது, பொட்டுக் கேப் (குதிரை அடித்தால் வெடிக்கும் சிறு மூடி), அதைவிடப் பெரிய மஸ்கெட் கேப், சிக்கிமுக்கிக் கல் இவை மட்டும்தான். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பின் வரும் சீசன் சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கு மட்டுமானது, அங்கே பிரைமர் என்ற பேச்சுக்கே இடமில்லை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு அடியோடு தடை, மஸில்லோடருக்கும் சேர்த்து.

விதிகள் வருடாவருடம் திருத்தப்படுகின்றன. போன வருடப் புத்தகத்தையோ நான் இங்கே எழுதியதையோ நம்பிப் பணம் போடாதீர்கள், இந்த வருடப் புத்தகத்தின் அந்த அரைப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

3. துப்பாக்கியிடம் இரண்டு கேள்வி

பழைய துப்பாக்கி வாங்கியிருந்தால் அதற்கு முன்னால் ஒன்று: உள்ளே மருந்து கெட்டித்தபடியே விற்கப்படும் மஸில்லோடர்கள் உண்டு. கெட்டிக்கும் கோலை அடிவரை விட்டு, குழல் வாயில் கோலின் மேல் விரலால் பிடித்து அடையாளம் வைத்து, வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்துப் பிடியுங்கள். கோலின் நுனி, குழலின் பின்முனையை மூடும் அடைப்பான் வரை எட்டாமல் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. தெரிந்தவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள்.

சரி, முதல் கேள்வி: தீப்பொறி எங்கிருந்து வருகிறது? பக்கவாட்டில் குதிரை (கேப்பை அடிக்கும் சுத்தி) இருக்கிற ஹாக்கன் வகை என்றால் முலைக்காம்பு போன்ற சிறு குழாயின் மேல் 11-ஆம் எண் கேப் மாட்ட வேண்டும். நேர்வழித் துப்பாக்கிகளில், அதாவது சிவிஏ, டிரெடிஷன்ஸ், நைட் போன்ற கம்பெனிகளின் இப்போதைய மாடல்களில், அடைப்பானுக்குள் 209 பிரைமர் உட்காரும்.

இரண்டாவது கேள்வி: குழலின் புரி (உட்சுவரில் சுற்றிச் செல்லும் பள்ளம்) எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது? குண்டுத் தேர்வின் பாதி இந்த ஒரு எண்ணில் இருக்கிறது. 60 அல்லது 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கான குழல். 28 அங்குலத்துக்கு ஒன்று என்றால் நீளக் குண்டுக்கு. 48-க்கு ஒன்று என்பது இரண்டுக்கும் நடுவில், உருண்டையும் போகும், குட்டையான கூம்புக் குண்டும் போகும், எதிலும் முதல் மதிப்பெண் வாங்காது. கையேட்டில் இல்லையென்றால் நீங்களே அளக்கலாம்: இறுக்கமான துணியோடு சுழலும் பிடி உள்ள துடைப்புக் கோலை உள்ளே விட்டு, கோலில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு கால் சுற்று திரும்ப எத்தனை அங்குலம் போகிறது என்று பார்த்து நான்கால் பெருக்குங்கள்.

4. மருந்தை முடிவு செய்யாமல் பிரைமரைத் தொடாதீர்கள்

எந்தப் பிரைமர் நல்லது என்று கேட்டால் எந்த மருந்துக்கு என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும்.

உண்மையான கருமருந்து எளிதில் பற்றும். எந்தக் கேப்பும், எந்தப் பிரைமரும் போதும். ஆனால் எல்லாக் கடையிலும் கிடைக்காது, வெடிபொருளாகக் கணக்கு என்பதால் பெரிய கடைகள் பல வைத்துக்கொள்வதே இல்லை. அதற்கு மாற்றான பைரோடெக்ஸ் எங்கும் கிடைக்கும், பற்றுவதற்குக் கொஞ்சம் கூடுதல் சூடு வேண்டும், சுட்ட அன்றே கழுவாவிட்டால் குழல் துருப்பிடிக்கும். டிரிபிள் செவன் வெறும் தண்ணீரில் கழுவப் போகும், வேகமும் அதிகம்: கருமருந்துக்குச் சொல்லியிருக்கும் அளவில் 15 சதவீதம் குறைத்துப் போடச் சொல்வது தயாரிப்பாளரே. பிளாக்ஹார்ன் 209 அரிக்காது, குழலில் கரி மிகக் குறைவு, தொடர்ந்து சுடலாம். ஆனால் விலை எக்கச்சக்கம், சில மாதங்களில் தேடினாலும் கிடைக்காது, பொட்டுக் கேப்பில் பற்றவும் பற்றாது.

அளவு எல்லாம் கொள்ளளவில்தான் பேசப்படுகிறது, எடையில் இல்லை. 100 கிரெய்ன் என்றால் அளவைக் குழாயில் 100 என்ற கோடு. தராசில் 100 கிரெய்ன் பிளாக்ஹார்னை நிறுத்துப் போட்டால் அது கொள்ளளவில் 140-ஐத் தாண்டும், அதன் உச்சவரம்போ 120. ஆபத்து புரிகிறதல்லவா? சாதாரண ரைஃபிளுக்கான புகையற்ற மருந்தை ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது, அதற்கென்று செய்யாத குழல் வெடித்துக் கைவிரல் போகும். பேச்சில் யாராவது கொஞ்சம் கலந்தால் நல்லது என்று சொன்னால் அவரோடு ரேஞ்சுக்குப் போகாதீர்கள்.

5. இப்போது பிரைமர்

209-இல் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான், உள்ளே சூடு வேறு. ஃபெடரல் 209ஏ, சிசிஐ 209எம் இரண்டும் சூடானவை. வின்செஸ்டர் டபிள்யூ209-ம் வலுவானதுதான். இன்னொரு பக்கம் மஸில்லோடருக்கென்றே சூட்டைக் குறைத்துச் செய்தவை உண்டு, வின்செஸ்டரின் டிரிபிள் செவன் பிரைமர், ரெமிங்டனின் கிளீன்போர் இரண்டும் அந்த வகை.

பிளாக்ஹார்ன் போடுகிறீர்களா, சூடானதை எடுங்கள், ஃபெடரல் 209ஏ அல்லது சிசிஐ 209எம். சூடு குறைந்ததைப் போட்டால் விசையை இழுத்த பின் ஒரு கணம் யோசித்துவிட்டு வெடிக்கும், அல்லது வெடிக்கவே வெடிக்காது. டிரிபிள் செவன் போடுகிறீர்களா, நேரெதிர். அதில் சூடான பிரைமர் வைத்தால் குண்டு உட்காரும் இடத்துக்குச் சற்று மேலே, தோசைக்கல்லில் பிடித்த கருகல் மாதிரி ஒரு கெட்டியான வளையம் கட்டிக்கொள்ளும். இரண்டாவது குண்டு அந்த வளையத்தில் முட்டி நின்றுவிடும், நீங்கள் அடிவரை போய்விட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். சூடு குறைந்த பிரைமரும் ஒவ்வொரு முறை சுடுவதற்கும் நடுவில் ஈரத்துணியால் ஒரு துடைப்பும் இருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும். பைரோடெக்ஸுக்கு நடுத்தரமான எந்த 209-ம் ஓடும், அதில் மூளையைக் குழப்ப வேண்டாம்.

கடையில் பெரும்பாலோர் கவனிக்காதது பிரைமரின் உடல் அளவு. கம்பெனிக்குக் கம்பெனி நீளத்திலும் விட்டத்திலும் மயிரிழை வித்தியாசம் உண்டு. உங்கள் துப்பாக்கியில் ஒன்று லூசாக உட்கார்ந்து பின்பக்கமாகப் புகையும் கரியும் கக்கும், இன்னொன்று இறுக்கமாகப் பிடித்து மூடவே விடாது. மூட மறுக்கிற துப்பாக்கியைக் கைபலத்தால் மூடாதீர்கள், அந்தப் பிரைமர் உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான். அதனால் ஆயிரம் உருப்படிப் பெட்டி மலிவு என்று முதலிலேயே எடுக்காதீர்கள். நூறு வாங்கி மாட்டிப் பாருங்கள்.

11-ஆம் எண் கேப்பிலும் இதே கதைதான். ஒரு கம்பெனியின் 11 இன்னொன்றின் 10 அளவுக்கு இருக்கும். காம்பில் முழுதாக இறங்காத கேப் முதல் அடியில் வெறுமனே கீழே இறங்கும், இரண்டாவது அடியில்தான் வெடிக்கும். எல்க் இரண்டாவது அடிக்குக் காத்திருக்காது. சூடு கூடுதலான மேக்னம் கேப் கிடைத்தால் பைரோடெக்ஸ் போடுகிறவர்கள் அதையே எடுங்கள். மஸ்கெட் கேப் இன்னும் பெரியது, தீ அதிகம், குளிரில் கையுறையோடு மாட்டவும் வசதி, அதற்குக் காம்பை மாற்ற வேண்டும். காம்பின் மரை அங்குல அளவிலும் வரும், மெட்ரிக் அளவிலும் வரும், கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். கையால் இரண்டு மூன்று சுற்று சுலபமாக இறங்கவில்லையென்றால் தவறான மரை. சாவி போட்டு முறுக்கினால் குழலின் மரை போய்விடும், காம்பு விலையில் முடிகிற செலவு அல்ல அது.

வீட்டில் பிரைமரை வாங்கிய தட்டிலேயே வையுங்கள். ஊறுகாய் பாட்டிலில் மொத்தமாகக் கொட்டி வைக்கிற வழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஒன்று வெடித்தால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும்.

6. குண்டு

சேபோவை விதி எடுத்துவிட்டதால் கொலராடோ சீசனில் உங்களுக்கு மிஞ்சுவது மூன்று வகை.

உருண்டைக் குண்டு. .50 குழலுக்கு .490 அங்குல உருண்டை, எடை ஏறக்குறைய 177 கிரெய்ன், மேலே எண்ணெய் தடவிய பருத்தித் துணி. துணி சேபோ ஆகாது. மலிவு, மெதுவான புரியில் அழகாகப் போகும். ஆனால் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும், 100 கஜம் போவதற்குள் ஆற்றலில் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். மானுக்குப் பக்கத்திலிருந்து சரி. எல்க்குக்கு .50 உருண்டையைச் சட்டம் அனுமதிக்கிறது, நான் பரிந்துரைக்க மாட்டேன். உருண்டைதான் வேண்டும் என்கிறவர்கள் .54-க்குப் போங்கள், அதில் .530 உருண்டை 224 கிரெய்ன் வரும், அப்போதும் 75 கஜத்துக்குள் நில்லுங்கள்.

முழுக் குழல் கூம்புக் குண்டு. குழலின் அளவுக்கே வார்த்த மெது ஈயம், 350-லிருந்து 460 கிரெய்ன் வரை, சில அதற்கும் மேல். எல்க்கின் தோளுக்குப் பின்னால் பட்டு மறுபக்கம் வெளியே வரும் கனம் இதில்தான் இருக்கிறது. வேகமான புரி வேண்டும். தொல்லைகளும் உண்டு: தோளில் உதைக்கும், மெதுவாகப் போவதால் பாதை வளைவானது, 100 கஜத்துக்குச் சரிசெய்து வைத்தால் 150 கஜத்தில் கிட்டத்தட்ட ஒரு அடி கீழே போயிருக்கும். குழலில் தளர்வாக உட்கார்ந்த கூம்புக் குண்டு, துப்பாக்கியை வாய் கீழாகப் பிடித்து நடந்தால் மருந்தைவிட்டு நழுவி முன்னால் வந்துவிடலாம், மருந்துக்கும் குண்டுக்கும் இடைவெளி விழுந்தால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். மலையில் ஏறி இறங்கும்போது அவ்வப்போது கோலை விட்டு அடையாளக் கோட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பின்புறம் பிளாஸ்டிக் பாவாடை கட்டிய பவர்பெல்ட் வகையும், குழல் அளவுக்கே செய்த தோர் போன்ற செம்புக் குண்டும். பவர்பெல்ட் கெட்டிக்க மிக எளிது, அதனால்தான் புதியவர்கள் முதலில் இதற்குப் போகிறார்கள். மெது ஈயத்தின்மேல் மெல்லிய செம்புப் பூச்சு உள்ள குண்டை அதிக மருந்தோடு பக்கத்திலிருந்து சுட்டால் எலும்பில் பட்டுச் சிதறிவிடும், ஆழம் போகாது. எல்க்குக்கு 245-ஐ விட்டு 348, 405 போன்ற கனத்ததை எடுத்து மருந்தை மட்டாகப் போடுங்கள். செம்புக் குண்டு சிதறாது, இறைச்சியில் ஈயத் துகள் பற்றிய கவலையும் இல்லை, வீட்டில் குழந்தைகள் சாப்பிடுகிறார்கள் என்றால் எனக்கு அதுதான் முதல் தேர்வு. ஒரே நிபந்தனை, உங்கள் குழலின் துல்லியமான விட்டத்துக்கு ஏற்ற அளவை எடுக்க வேண்டும். இவற்றில் அளவு பார்க்கும் மாதிரிப் பொட்டலம் தனியாகக் கிடைக்கிறது, அதை முதலில் வாங்குங்கள்.

சாதாரண ரைஃபிள் சீசனிலோ, சேபோ அனுமதிக்கும் வேறு மாநிலத்திலோ போகிறவர்களுக்கு 250 அல்லது 300 கிரெய்ன் பார்ன்ஸ், ஹார்னடி எஸ்எஸ்டி போன்றவை நல்ல தேர்வு. 300 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 1,700 அடி வேகத்தில் கிளம்பினால் 1,900 அடி-பவுண்டுக்கு மேல் ஆற்றல். அதிலும் மாட்டிக்கொள்ளும் இடம் சேபோவின் இறுக்கம்தான், சில குழல்களில் முழு உடம்பையும் போட்டு அழுத்தினாலும் இறங்காது, மெல்லிய சேபோ தனியாகக் கிடைக்கும்.

7. எப்போது, எவ்வளவுக்கு, எப்படி வாங்குவது

குலுக்கல் முடிவு வந்த வாரமே வாங்கத் தொடங்குங்கள். ஆகஸ்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் கடைக்குப் போவார்கள், உங்களுக்கு வேண்டிய பிரைமர் மட்டும் இருக்காது.

நூறு பிரைமர் அல்லது கேப் சுமார் 10 முதல் 20 டாலர். 15, 20 குண்டு உள்ள பொட்டலம் 20 முதல் 40. ஒரு பவுண்டு பைரோடெக்ஸ் அல்லது டிரிபிள் செவன் 30 டாலருக்கு மேல், பிளாக்ஹார்ன் அதைவிட மிக அதிகம். இரண்டு வகைக் குண்டும் இரண்டு வகைப் பிரைமரும் வைத்துப் பார்க்க 150 டாலர் ஒதுக்குங்கள்.

ஆன்லைனில் விலை குறைவாகத் தெரியும், கடைசிப் பக்கத்தில் அபாயப் பொருள் கட்டணம் என்று 20, 30 டாலர் ஏறும். மருந்தும் பிரைமரும் சேர்த்து ஒரே தடவை வாங்கினால்தான் கட்டும், அதுவும் ஒரே கட்டணத்தில் இரண்டையும் அனுப்புகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் நூறு பிரைமருக்காக ஆன்லைன் போகாதீர்கள்.

விமானத்தில் வருகிறவர்களுக்கு: மஸில்லோடரைப் பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, கவுண்டரில் அறிவித்து, சரக்குப் பையாக அனுப்பலாம். மருந்து, கேப், பிரைமர் எதையும் கைப்பையிலும் சரி, சரக்குப் பையிலும் சரி, கொண்டுவரவே முடியாது. இறங்குகிற ஊரில் வாங்க வேண்டும். அங்கே நீங்கள் பழகிய பிரைமர் இல்லாமல் போகலாம், அதனால் கிளம்புவதற்கு முன்பே கடைக்கு அழைத்து எடுத்து வைக்கச் சொல்லிவிடுங்கள்.

8. ரேஞ்சில்

ஜூலையிலேயே தொடங்குங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்கக் கூடாது. முதலில் ஒரு மருந்து, ஒரு பிரைமர், ஒரு குண்டு. கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள் 70 கிரெய்ன் கொள்ளளவில் தொடங்கி, பத்துப் பத்தாக ஏற்றிக்கொண்டு போய், எங்கே மூன்று குண்டும் நெருங்கி விழுகின்றன என்று பாருங்கள். அதற்கு மேல் மருந்து ஏற்றுவதால் வரும் லாபம் சொற்பம், உதைதான் அதிகம். அளவு பிடிபட்ட பிறகு பிரைமரை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதே மருந்தும் அதே குண்டும் இருக்க, பிரைமர் மாறியதால் மட்டுமே இலக்கில் குண்டுகள் விழும் பரப்பு பாதியாகச் சுருங்குவதும் இரண்டு மடங்காக விரிவதும் உண்டு.

கெட்டிப்பதற்கு முன் வெறும் குழலில் ஒன்றிரண்டு கேப் வெடித்து எண்ணெயை விரட்டுங்கள். மருந்தைப் புட்டியிலிருந்து நேராகக் குழலில் கொட்டாதீர்கள், உள்ளே ஒரு கங்கு இருந்தால் புட்டி முழுவதும் கையில் வெடிக்கும், அளவைக் குழாயில் அளந்துதான் கொட்ட வேண்டும். குண்டு சரியாக உட்கார்ந்ததும் கோலில் ஒரு கோடு போட்டு வையுங்கள். அந்தக் கோடுதான் இனி உங்களுக்கு வழிகாட்டி. வெடிக்காமல் போனால் குழலை இலக்கை நோக்கியே பிடித்தபடி குறைந்தது ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள், அப்புறம்தான் பிரைமரைத் தொட வேண்டும்.

சுத்தமான குளிர்ந்த குழலில் முதல் குண்டு எங்கே விழுகிறது என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மலையில் உங்களுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் அந்த ஒரு குண்டுதான். திறந்த குறிமுனையில் எத்தனை கஜம் வரை எல்லாக் குண்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுகின்றனவோ அதுதான் உங்கள் தூரம், துப்பாக்கிப் பெட்டியில் போட்டிருக்கும் தூரம் அல்ல. நிறையப் பேருக்கு அது 100 கஜத்துக்குள்தான்.

9. சீசன் நாட்களில்

செப்டம்பர் நடுவில் ஒன்பது நாள். மதியத்துக்கு மேல் மலையில் மழை பிடித்துக்கொள்ளும். குழல் வாயில் ஒரு துண்டு மின்சார டேப் ஒட்டுங்கள், சுடும்போது காற்றே அதைத் தள்ளிவிடும். கேப் துப்பாக்கி என்றால் கேப்பைச் சுற்றி மெழுகு தடவலாம். 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அல்லது பிங்க் நிறத்தில் மேலாடையும், அதே நிறத்தில் தொப்பியும் மஸில்லோடர் சீசனிலும் கட்டாயம். வில் வேட்டைக்காரர்கள் அதே காட்டில் அதே நாட்களில் பச்சையும் பழுப்புமாக அலைவார்கள், அவர்களைப் பார்த்து நீங்களும் கழற்றிவிடாதீர்கள்.

வண்டியில் ஏறுவதற்கு முன் பிரைமரைக் கழற்றுங்கள், கேப்பானாலும் அப்படியே. இரவில் துப்பாக்கியைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள், குளிர்ந்த இரும்பில் ஈரம் படிந்து மருந்து நமத்துவிடும், வண்டிக்குள்ளேயே பூட்டி வையுங்கள். காலையில் புதுப் பிரைமர். பழையதைத் தனிச் சட்டைப் பையில் போட்டு ரேஞ்சுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சுடாமலே நாட்கள் முடிந்துவிட்டால், கழற்றக்கூடிய அடைப்பான் உள்ள துப்பாக்கியில் பிரைமரை எடுத்துவிட்டு அடைப்பானைத் திருகி எடுத்து, மருந்தைக் கொட்டி, குண்டைப் பின்னாலிருந்து முன்னால் தள்ளிவிடலாம். மற்றவற்றில் பாதுகாப்பான மண்மேட்டில் சுட்டுக் காலிசெய்வதுதான் சுலபம். அன்றே கழுவுங்கள், அடைப்பானின் மரையில் ஒட்டாதிருக்கும் கிரீஸ் தடவி மாட்டுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கோடையில் அது கழன்று வராது. பிளாக்ஹார்ன் போட்டவர்கள் அடைப்பானின் தீத்துளைக்குப் பின்னுள்ள குழியில் சேரும் கெட்டிக் கரியை அந்த அளவுக்கேற்ற துளையிடும் கம்பியைக் கையால் திருகிச் சுரண்டி எடுக்க வேண்டும், வெறும் துணியில் அது வராது. மருந்தின் அளவு, பிரைமரின் பெயர், குண்டின் எடை, எத்தனை கஜத்துக்குச் சரிசெய்தது, இவற்றை ஒரு டேப்பில் எழுதிப் பிரைமர் பெட்டியின் மூடியிலேயே ஒட்டிவிடுங்கள்.